பன்னிரண்டு பேர் போதும்

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன் என் கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "என்ன மாமா, ரீமாஸ்டர்னு சொல்லிக் காசு வாங்கியிருக்கான், பன்னெண்டு யூனிட்டுக்கு மேல செலக்ட் ஆகமாட்டேங்குது? இந்தச் சின்ன பக்கைக்கூடவா சரி பண்ணல?" ஓடிக்கொண்டிருந்தது ஸ்டார்கிராஃப்ட். பிளிஸார்டு நிறுவனம் 1998-இல் வெளியிட்டு, 2017 ஆகஸ்டில் தானே புதுப்பித்து விற்ற விளையாட்டு. கேட்டவன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், விவரம் தெரிந்தவன். எனக்கு எரிச்சல் கூடியதற்கு அதுதான் காரணம்.

அவன் ஒருவன் மட்டும் கேட்டிருந்தால் விட்டிருப்பேன். பழைய விளையாட்டு ஒன்றை மறுபடியும் செய்கிறோம் என்று எந்த நிறுவனம் அறிவித்தாலும் ஊரே இதைத்தான் சொல்கிறது. கிராபிக்ஸைப் புதுசாக்கு, அந்தக் காலத்துக் குறைகளை எடுத்துவிடு, வேலை முடிந்தது. இந்த நம்பிக்கைக்குள் இரண்டு தப்பு ஒளிந்திருக்கிறது. விளையாட்டு என்றால் திரையில் தெரியும் படம் என்று நினைப்பது ஒன்று. பழைய விளையாட்டில் உள்ள ஒவ்வொரு கட்டுப்பாடும் அந்தக் காலத்துக் கணினிக்கு வலு போதாததால் வந்தது, செய்தவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்று நினைப்பது மற்றொன்று. எனக்குப் பொறுக்காதது இரண்டாவதுதான். முன்னால் இருந்தவனெல்லாம் நம்மைவிட மந்தம் என்கிற இந்த எண்ணம் விளையாட்டோடு நிற்பதில்லை. பழைய வீட்டை வாங்கியதும் முற்றத்தை மூடித் தளம் போட்டுவிட்டு, காற்று வரவில்லை என்று ஏசி மாட்டுகிறவர்களும் இந்தக் கூட்டம்தான்.

ஆடிப் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆர்.டி.எஸ். என்று சொல்லப்படும் இந்த வகை வியூக விளையாட்டில் முறை மாற்றி ஆடுவது கிடையாது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் கனிமம் தோண்ட வேண்டும், கட்டடம் எழுப்ப வேண்டும், படை திரட்ட வேண்டும், சண்டையும் போட வேண்டும். நீங்கள் யோசித்து நிற்கும் ஒவ்வொரு நொடியிலும் எதிராளி கட்டிக்கொண்டே போகிறான். மினரல், எரிவாயு என்று திரையின் மேல் மூலையில் எண்கள் ஓடினாலும் உண்மையில் தட்டுப்பாடு உள்ள பொருள் ஒன்றுதான். உங்கள் கவனம். இதைப் புரிந்துகொண்டால்தான் பன்னிரண்டின் கதை புரியும்.

அதே பிளிஸார்டு 1994-இல் வெளியிட்ட வார்கிராஃப்ட் முதல் பாகத்துக்கு நிரல் எழுதியவர் பேட்ரிக் வயட். மவுஸை இழுத்துக் கட்டம் போட்டு எத்தனை வீரர்களை வேண்டுமானாலும் ஒரே பிடியில் எடுக்கும் வசதியை அவர் எழுதினார், அது ஓடவும் செய்தது. அதன் பிறகு வடிவமைப்புக் குழு உட்கார்ந்து பேசி, நான்கு பேருக்கு மேல் கூடாது என்று வெட்டியது. கூட்டமாகத் திரட்டி ஒரே அடியாக அனுப்பிவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது, யாரை எங்கே நிறுத்துவது என்று ஆடுகிறவர் கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பின்னாளில் வயட்டே இதை விவரமாக எழுதிவைத்திருக்கிறார். 1995-இல் இரண்டாம் பாகத்தில் நான்கு ஒன்பதானது. 1998-இல் ஸ்டார்கிராஃப்டில் பன்னிரண்டானது. 2002-இல் வார்கிராஃப்ட் மூன்றாம் பாகம் முப்பரிமாணப் படத்தோடு வந்தபோதும் அதே பன்னிரண்டுதான். இன்னும் கேளுங்கள். வெஸ்ட்வுட் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட கமாண்ட் அண்ட் காங்கரில் இந்த வரம்பே கிடையாது. அதே ஆண்டு, அதே டாஸ் கணினி, அங்கே திரையில் உள்ள படை முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் அள்ளலாம். அப்படியென்றால் மெஷினால் முடியவில்லை என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்? முடிந்தது. செய்தும் பார்த்தார்கள். வேண்டாம் என்று எடுத்தார்கள். எடுத்த முடிவுக்குப் பெயர் பக் இல்லை, விதி.

அந்த விதி என்ன செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். ஸ்டார்கிராஃப்டில் ஜெர்க் இனத்தின் ஜெர்க்லிங் ஒன்றின் விலை 25 மினரல். ப்ரோட்டாஸ் இனத்தின் ஜீலட் ஒன்றின் விலை 100. ஆளுக்கு 1200 மினரல் கொடுத்தால் ப்ரோட்டாஸ் ஆடுகிறவருக்கு 12 ஜீலட், ஜெர்க் ஆடுகிறவருக்கு 48 ஜெர்க்லிங். ப்ரோட்டாஸ்காரர் தன் படையை ஒரே பிடியில் எடுத்து, ஒரே கிளிக்கில் அனுப்பிவிடலாம். ஜெர்க்காரர் நான்கு பிடியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் விசை கொடுத்து, நான்கு முறை எடுத்து நான்கு முறை அனுப்ப வேண்டும். அதுவும் நான்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி. மலிவான படையை நடத்துவது கடினம், விலை கூடிய படையை நடத்துவது எளிது. இனங்களுக்கு இடையிலான சமநிலையில் ஒரு பங்கு இந்தப் பன்னிரண்டில்தான் நிற்கிறது. என் அக்கா மகன் கேட்டபடி அதை எடுத்துவிட்டால் 48 ஜெர்க்லிங் ஒரே கிளிக்கில் ஜீலட்டுகளைச் சூழ்ந்துகொள்ளும். அதைச் சமன்செய்ய ஜீலட்டின் விலையைக் குறைக்க வேண்டும். விலையைக் குறைத்தால் டெரன் இனத்துக்கு எதிரான கணக்கு கெடும். கடைசியில் நீங்கள் புதுப்பித்தது ஸ்டார்கிராஃப்ட் இல்லை, அதன் படத்தைப் போர்த்திக்கொண்ட வேறு ஏதோ ஒன்று.

கட்டடங்களுக்கும் இதே கதி. ஸ்டார்கிராஃப்டில் ஒரு நேரத்தில் ஒரு கட்டடத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எட்டுப் பாசறை வைத்திருந்தால் எட்டையும் தனித்தனியாகத் தொட்டு ஆள் எடுக்க வேண்டும். முன்னணியில் சண்டை நடக்கும்போது திரையைத் திருப்பி வீட்டுக்கு வந்து, எட்டு முறை தொட்டுவிட்டு, மறுபடியும் முன்னணிக்கு ஓட வேண்டும். கொரியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300-க்கும் மேல் விசையும் கிளிக்குமாகத் தட்டுவது பந்தாவுக்கு இல்லை. சண்டையைக் கவனித்தால் உற்பத்தி விழும், உற்பத்தியைக் கவனித்தால் படை சாகும். எதைக் கைவிடுவது என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பதுதான் ஆட்டம். அந்த நெருக்கடியை 'வசதி' என்ற பெயரில் துடைத்து எடுத்துவிட்டால் ஆடுவதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

சரி, உண்மையான பிழைகள் இருந்தனவே என்பீர்கள். இருந்தன. அவற்றுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். ஸ்டார்கிராஃப்டில் வழி கண்டுபிடிக்கும் நிரல் படு மோசம். கனிமம் சுமக்கும் தொழிலாளிகள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு வழியை அடைத்தார்கள். வெளியீட்டு நெருக்கடியில் அதைத் தீர்க்க நேரம் இல்லாமல், சுரங்க வேலைக்குப் போகிறவர்கள் மற்றவர்களை ஊடுருவிப் போகலாம் என்று ஓர் ஒட்டுப் போட்டார்கள். இதையும் வயட்டே எழுதியிருக்கிறார். ஆட்டக்காரர்கள் அந்த ஒட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரி வாசலைப் படையால் அடைத்து நிற்கும்போது, அவன் பின்னால் இருக்கும் கனிமத்தைக் கிளிக் செய்தால் தொழிலாளி அடைப்பை ஊடுருவி உள்ளே போய்விடுவான். உளவு பார்க்க இன்றுவரை இதுவும் ஒரு வழி. இன்னொன்று, ஜெர்க் இனத்தின் பறக்கும் மியூட்டலிஸ்க் படை. பதினொரு மியூட்டலிஸ்க்கோடு எங்கோ தொலைவில் இருக்கும் ஓவர்லார்டு என்ற வேறு யூனிட் ஒன்றையும் சேர்த்து ஒரே பிடியாக எடுத்தால், குழு சிதறிக் கிடப்பதாக நிரல் தவறாக நினைத்துக்கொண்டு, பதினொன்றையும் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்துவிடும். பார்க்க ஒற்றைப் பறவை, அடித்தால் பதினொரு அடி. பிழைதான். ஆனால் அந்தப் பிழையைக் கையாளக் கற்க ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்தார்கள், அதை எதிர்க்க மற்ற இனங்களின் தொடக்க உத்திகளே மாறின. பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு என்பதைக் கவனியுங்கள். வரம்பை நீக்கினால் நாற்பது மியூட்டலிஸ்க் ஒரே புள்ளியில் குவியும், ஆட்டம் அந்த நொடியில் முடிந்துவிடும். பிழையைத் தாங்கிப் பிடித்திருப்பதும் அந்தப் பன்னிரண்டுதான்.

வரம்பை எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு, எடுத்தும் பார்த்தாயிற்று. 2010 ஜூலையில் ஸ்டார்கிராஃப்ட் இரண்டாம் பாகம் வந்தது. படை முழுவதையும் ஒரே பிடியில் எடுக்கலாம், கட்டடங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கலாம், பிறக்கும் தொழிலாளி தானே சுரங்கத்துக்குப் போவான், வழி கண்டுபிடிக்கும் நிரல் அற்புதம். நீங்கள் கேட்கும் அத்தனை வசதியும் அதில் இருந்தன. படைகள் ஒரே உருண்டையாகத் திரண்டு மோதி, சில நொடிகளில் ஒரு பக்கம் காணாமல் போவதை ரசிகர்களே 'டெத் பால்' என்று பெயர் வைத்துப் புலம்பினார்கள். கொரியாவில் 2004-இல் புசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் பழைய ஸ்டார்கிராஃப்டின் இறுதிப் போட்டிக்குக் கடற்கரை நிறையக் கூட்டம் கூடியது. அதே நாட்டில் 2012-இல் அணிகளுக்கிடையிலான புரோலீக்கைப் புதிய பாகத்துக்கு மாற்றினார்கள். 2016-இல் அந்த லீக்கையே மூடினார்கள். அதே 2016-இல் பழைய ஆட்டத்துக்கென்று அஃப்ரீகா டி.வி. ஒரு லீக் தொடங்கியது. அது நின்றுவிடவில்லை. புரோலீக் மூடியதற்குப் பொருளாதாரம், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற வேறு விளையாட்டின் வரவு என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். மக்கள் எதை நோக்கித் திரும்பி வந்தார்கள் என்பதைப் பாருங்கள். பன்னிரண்டு பேரை மட்டுமே எடுக்கவிடும் ஆட்டத்துக்குத்தான் வந்தார்கள்.

2017-இல் புதுப்பித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. படத்தை 4கே வரை கூர்மையாக்கினார்கள், ஒலியை மறுபதிவு செய்தார்கள், விசைகளை விருப்பப்படி மாற்றிக்கொள்ள விட்டார்கள். அதற்குமேல் ஆட்டத்தில் கைவைக்கவில்லை. இனங்களின் பலத்தைக் கடைசியாகத் திருத்தியது 2001-இல். அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. ப்ரோட்டாஸின் டிரகூன் இன்றும் மூலையில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறது, மியூட்டலிஸ்க் இன்றும் குவிகிறது, தொழிலாளி இன்றும் ஊடுருவுகிறான். எஃப்5 விசையை அழுத்தினால் புதிய படம் மறைந்து 1998-இன் படம் அதே இடத்தில் வந்து நிற்கும். ஆட்டத்தின் நடுவில் அழுத்திப் பாருங்கள், ஒரு யூனிட்கூட இடம் மாறியிருக்காது. இதைச் செய்ய எவ்வளவு அடக்கம் வேண்டும் என்பது புதுப்பிக்கிறேன் என்று கிளம்பும் மற்றவர்களைப் பார்த்தால்தான் தெரியும்.

அதே பிளிஸார்டு, மூன்றே ஆண்டில் வார்கிராஃப்ட் மூன்றாம் பாகத்துக்குச் செய்ததைப் பாருங்கள். 2018 நவம்பரில் அறிவிப்பு. நான்கு மணி நேரத்துக்கு மேல் கதைக் காட்சிகளைப் புதிதாக எடுக்கிறோம் என்றார்கள், ஒரு மாதிரிக் காட்சியும் காட்டினார்கள். பெயர் ரீஃபோர்ஜ்டு. 2020 ஜனவரி 28-இல் வந்தது. காட்டிய மாதிரிக் காட்சி அதில் இல்லை. தரவரிசைப் போட்டி இல்லை. குழுக்கள் இல்லை. ரசிகர்கள் செய்த கதைத் தொடர்களை ஆட வழியில்லை. பதினேழு வருடம் முன்னால் இருந்தவை எல்லாம் இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் கவசத்தில் கீறல், தோளில் ஆணி, துணியில் மடிப்பு என்று படம் மட்டும் இருந்தது. அந்தப் படமும் ஆட்டத்துக்கு உதவவில்லை. உயரத்திலிருந்து பார்த்து, அரை நொடியில் இது வில்லாளி, அது மந்திரவாதி என்று கண்டுகொள்வதற்காகத்தான் பழைய ஆட்டத்தில் பெரிய தலையும் பளிச்சென்ற நிறமுமாக உருவங்களைச் செய்திருந்தார்கள். கார்ட்டூன் போல இருக்கிறது என்று சொல்லி அதை மாற்றினார்கள். இப்போது வீரன் தரையோடு கலந்துவிடுகிறான். தெளிவுதான் அந்தப் படத்தின் வேலை என்பது யாருக்கும் தோன்றவில்லை. மெட்டாகிரிட்டிக் தளத்தில் ஆடியவர்கள் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தரவரிசைப் போட்டி திரும்பி வர 2022 ஆனது.

படத்தால்தான் எல்லாம் என்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ரீஃபோர்ஜ்டின் உருவங்களை வரைந்து கொடுத்ததில் பெரும்பங்கு மலேசியாவின் லெமன் ஸ்கை நிறுவனத்துடையது. வெளிவந்ததும் திட்டில் ஒரு பங்கு அந்தக் கலைஞர்கள் மேலும் விழுந்தது. ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டருக்கு வரைந்ததிலும் அவர்கள் கை இருக்கிறது. 2020 ஜூனில் வந்து எல்லாராலும் பாராட்டப்பட்ட கமாண்ட் அண்ட் காங்கர் ரீமாஸ்டருக்கு வரைந்ததிலும் அவர்கள் கை இருக்கிறது. ஒரே கை, மூன்று விளையாட்டு, இரண்டு வெற்றி, ஒரு படுதோல்வி. கோளாறு வரைந்தவர்களிடம் இல்லை, வரையச் சொன்னவர்களிடம். பணத்தைக் குறுக்கியதும், என்ன செய்யப் போகிறோம் என்பதிலேயே தெளிவில்லாமல் இருந்ததும் 2021 ஜூலையில் புளூம்பெர்க் செய்தியில் வெளியாயின. கூலிக்கு வரைந்து கொடுத்தவனைத் திட்டுவது எளிது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அவன் வேலை மட்டும்.

ஹோம்வேர்ல்டு என்று ஒரு விண்வெளிப் போர் விளையாட்டு. கனடாவின் ரெலிக் நிறுவனம் 1999-இல் செய்தது. அதில் விமானப் படையைக் கோளமாக, சுவராக, நகமாக அணிவகுக்கலாம், அணிவகுப்புதான் போர் உத்தி. சுடப்பட்ட ஒவ்வொரு குண்டும் வெளியில் பயணம் செய்து, பட்டால்தான் பட்டது. 2015-இல் கியர்பாக்ஸ் அதைப் புதுப்பித்தபோது, 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தின் எஞ்சினில் முதல் பாகத்தையும் ஏற்றியது. புதிய எஞ்சின் நல்லதுதானே? படம் பிரமாதமாக இருந்தது. அணிவகுப்பு போனது. குண்டு பறப்பதற்குப் பதிலாகச் சதவீதக் கணக்கு போட்டுப் பட்டதா இல்லையா என்று முடிவுசெய்யும் முறை வந்தது. ரசிகர்கள் ஒரு வருடத்துக்கு மேல் கத்திய பிறகு, 2016-இல் ஒரு பெரிய பேட்ச் போட்டு அணிவகுப்பையும் பறக்கும் குண்டையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். பதினாறு வருடம் முந்தைய நிரலில் இருந்ததைப் புதிய நிரலில் மறுபடி உருவாக்க ஒரு வருடம். பழையவர்கள் மந்தமா?

கமாண்ட் அண்ட் காங்கர் எப்படித் தப்பித்தது? வெஸ்ட்வுட்டை மூடியபின் அதன் ஆட்களில் பலர் சேர்ந்து தொடங்கிய பெட்ரோகிளிஃப் நிறுவனத்திடமே வேலையைக் கொடுத்தார்கள். இசையமைத்த ஃபிராங்க் கிளெபாக்கியே தன் இசையைப் புதுப்பித்தார். பழைய நிரலை அடியில் வைத்துக்கொண்டு, மேலே படத்தைப் போட்டார்கள். தனியாக ஆடும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பழைய படம். அதைவிடப் பெரிய விஷயம், ஆட்டத்தின் நிரலையே பொது உரிமத்தில் வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். விதி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் வசதிகளைச் சேர்த்தார்களே, வயலைத் தானே மறுவிதைப்புச் செய்யும்படி ஆக்கினார்களே என்று யாராவது கிளம்புவார்கள். முதலில் வரலாற்றைப் பாருங்கள். 1999-இல் வந்த ஆட்டத்துக்கு 2000-இலேயே வந்த கான்கரர்ஸ் விரிவாக்கத்தில் ஆலையில் வயலுக்கு வரிசை போட்டுவைக்கும் வசதியை மூலப் படைப்பாளிகளே கொடுத்துவிட்டார்கள். 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் செய்த ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழுவோ, அந்த ஆட்டத்துக்கு ரசிகர்களாக மாற்றம் செய்து பழகியே தொழிலுக்கு வந்தவர்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது ஆடி ஆடிக் கைக்குத் தெரிந்தவர்கள். 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவில் அவர்கள் திராவிடர் என்று ஓர் அணியைக் கொண்டுவந்தார்கள், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு ஒரு கதைத் தொடராகவே இருக்கிறது. நம் ஆட்கள் என்ன பகிர்ந்தார்கள்? படத்தை. சுருள்வாள் வீரனையும் கப்பலையும் மறுபடி மறுபடி பகிர்ந்து மெய்சிலிர்த்தார்கள். அந்த அணிக்கு நைட் என்கிற கனத்த குதிரைப் படையே கிடையாது என்பதைப் பற்றி ஒருவர் பேசவில்லை. தென்னாட்டில் நல்ல குதிரை வளராமல், பாண்டியர்கள் கடல் கடந்து பெரும் விலை கொடுத்து இறக்கியதை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்த வரலாறு முழுவதையும் ஒரு கட்டடத்தில் ஒரு பொத்தான் இல்லாமல் செய்து சொல்லிவிட்டார்கள். குதிரை இல்லாமல் எப்படி ஜெயிப்பது என்று ஆடுகிறவன் கப்பலையும் காலாட்படையையும் யானையையும் வைத்து யோசிக்கும்போது, அவனுக்குத் தெரியாமலே தென்னிந்திய வரலாற்றை ஆடுகிறான். விதி இப்படித்தான் பேசும். படத்தைப் பார்த்துப் புல்லரிக்கிறவனுக்கு இது காதில் விழாது.

இதில் என் கோபத்தைக் கிளப்பும் இன்னொரு சமாச்சாரம் உண்டு. ரீஃபோர்ஜ்டு வந்த அன்று, பழைய வார்கிராஃப்டைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் ஆட்டமும் மாறிப்போனது. இணையத்தில் ஆட வேண்டும் என்றால் புதிய மென்பொருளை இறக்கியே ஆக வேண்டியிருந்தது. புதுப் படம் வேண்டாம் என்றவரும் அந்தப் பெரும் கோப்பைச் சுமக்க வேண்டியிருந்தது, புதியதில் இல்லாத வசதிகள் அவருக்கும் இல்லாமல் போயின. புதுசைக் கேட்காதவனிடமிருந்து பழசைப் பிடுங்கினார்கள். அதே சமயம், ஆட்டத்துக்குள் ரசிகர்கள் உருவாக்கும் மேப்புகள் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று விதிமுறையில் எழுதிக்கொண்டார்கள். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். வார்கிராஃப்ட் மூன்றாம் பாகத்தின் மேப் எடிட்டரில் ரசிகர்கள் செய்ததுதான் டோட்டா. அதிலிருந்துதான் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2009-இலும் வால்வ் நிறுவனத்தின் டோட்டா 2 2013-இலும் வந்தன. அந்தப் பெயருக்காக வால்வோடு பிளிஸார்டு சண்டை போட்டு 2012-இல் சமரசம் ஆனது. 2021-இல் டோட்டா 2-இன் உலகப் போட்டிப் பரிசுத்தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. கைநழுவியதை நினைத்து வயிறெரிந்து, இனிமேல் யாரும் எதையும் உருவாக்காதபடி கதவை அடைத்தார்கள். டோட்டா பிறந்தது யாரும் உரிமை கேட்காத இடத்தில் என்பதை மறந்துவிட்டார்கள்.

பக்கத்துக் கணினிகளைக் கேபிளால் இணைத்து ஆடும் லேன் விஷயமும் அப்படித்தான். நம் ஊர்களில் இந்த விளையாட்டுகள் பரவியது இணையத்தால் இல்லை. பிரவுசிங் சென்டரிலும் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலிலும் ஒரு சுவிட்ச், நாலு கேபிள், ராத்திரி முழுக்க ஆட்டம். ஸ்டார்கிராஃப்ட் இரண்டாம் பாகத்தில் லேன் வசதியையே எடுத்துவிட்டார்கள். அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறவனோடு ஆடுவதற்கும் எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதையும் முன்னேற்றம் என்றே விற்றார்கள். நிறுவனம் மூடினாலோ சர்வரை அணைத்தாலோ உங்கள் ஆட்டம் போயிற்று. பழைய சி.டி. மட்டும் எந்தச் சர்வரையும் கேட்காமல் இன்றும் ஓடும்.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. புதுப்பித்த விளையாட்டு வந்தால் திரையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு என்று காட்டுகிறார்கள். மரத்தில் இலை கூடியிருக்கிறது, தண்ணீரில் நிழல் தெரிகிறது. முடிந்தது விமர்சனம். வழி கண்டுபிடிக்கும் நிரல் மாறியதா, யூனிட் திரும்பும் வேகம் மாறியதா, சுடுவதற்கு முன் இருக்கும் அந்தச் சின்னத் தாமதம் மாறியதா என்று ஒருவர் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு ஆட வேண்டும், ஆடுவதற்கு நேரம் வேண்டும். கோடு போட்டுக் காட்டுவதற்கு இரண்டு ஸ்கிரீன்ஷாட் போதும். இவர்கள் பேச்சைக் கேட்டு நிறுவனங்கள் படத்துக்கே பணத்தைக் கொட்டுகின்றன, அதைப் பார்த்து மக்கள் படத்தையே கேட்கிறார்கள்.

இன்னும் பல பழைய வியூக விளையாட்டுகள் புதுப்பிக்கப்படும், பழசுக்கு இருக்கும் சந்தையைப் பார்த்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அறிவிப்பு வரும்போது டிரெய்லரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய ஆட்டத்தின் விதிகளை அப்படியே வைத்திருக்கிறீர்களா? நான் ஏற்கெனவே வாங்கிய பிரதி என்னிடமே இருக்குமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வரும்வரை முன்பதிவுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.